மிளகாய்க் கன்றைச் சுற்றி இருந்த தெரு

கனடாவில், ஸ்காபரோவில் தேவன் நடத்தும் சலூனுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர்தான் முடி வெட்டப் போகிறவர்கள். மிச்சப் பேர் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கப் போகிறவர்கள். அந்த மார்ச் மாதச் சனிக்கிழமை நான் முடி வெட்டத்தான் போனேன். நாற்காலி கிடைக்க மத்தியானமாகிவிட்டது. காரணம் பரா அண்ணை. முழுப்பெயர் பரராசசிங்கம்.

நாற்காலியில் முகம் முழுக்கச் சவர நுரையோடு சாய்ந்திருந்தவர் அமிர்தநாதர். எங்கள் முதியோர் சங்கத்தின் செயலாளர். பூங்கா ஓரமாகச் சங்கத்துக்குக் கொஞ்சம் தோட்ட நிலம் கிடைத்திருந்தது. எல்லாப் பாத்தியும் போய் ஒரே ஒரு பாத்திதான் மிச்சம். அதைக் கேட்டு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பரா அண்ணை. மற்றவர் கடாட்சம் மாஸ்டர், இளைப்பாறிய கணக்கு வாத்தியார். இரண்டு பேரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில், மண்ணைத் தொடுவதென்றால் லிஃப்டில் இறங்கவேண்டிய உயரத்தில் இருக்கிறவர்கள். பரா அண்ணை சொந்த வீட்டை விற்றுவிட்டு அங்கே போனது போன வருசம்தான்.

"ஆர் நல்லாச் செய்வினமோ அவைக்குத்தான் பாத்தி," என்று நுரைக்குள்ளிருந்து சொன்னார் அமிர்தநாதர்.

பரா அண்ணைக்கு அது போதும். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"நாதர், நீர் வாயைத் திறக்காதையும், நுரை உள்ளுக்குப் போயிடும். நான் சொல்லுறதைக் கேளும். இந்த நாட்டில தோட்டம் மே மாசம் தொடங்குது எண்டு நினைக்கிறவன் தோட்டக்காரனே இல்லை. மார்ச்சில தொடங்கவேணும், வீட்டுக்குள்ள. எல்லாரும் விதையை ஈரக் கடதாசியில சுத்தி ஹீட்டருக்குக் கிட்ட வைப்பினம். நான் பாவக்காய் விதையை ஈரத்துணியில சுத்திச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வேலைக்குப் போவன். உடம்புச் சூடு இருக்கெல்லே? ஒருநாள் பஸ்ஸில அப்பிடியே கண் அயர்ந்திட்டன். மணி அடிச்சுது, பஸ் நிண்டுது, ஒருத்தரும் இறங்கேல்லை. அடுத்த தரிப்பிலயும் மணி. ஒருத்தரும் இறங்கேல்லை. டிரைவர் கோவத்தோட எழும்பி வந்து பாக்கிறான். என்ர பொக்கற்றுக்குள்ளால கொடி வெளிக்கிட்டு, ஜன்னலோட போற மணிக்கயிறைச் சுத்திப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிக்குது!"

"பாவக்காய் விதை முளைக்கவே ஒரு கிழமைக்கு மேல வேணும் காணும்," என்றார் கடாட்சம் மாஸ்டர், பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"அது உம்மட விதைக்கு."

"டிரைவர் என்ன சொன்னவன் அண்ணை?" தேவன் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"கொடிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னவன். பின்னை விடுவானோ?"

ஹீட்டரடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் பேப்பரைப் புரட்டினார்.

"பிறகு மே மாசம். ஸ்னோ கரைஞ்ச முதல் நாள் பின்வளவுக்குள்ள இறங்கி நிண்டு பாத்திருக்கிறீரோ, மாஸ்டர்? மண்ணில இருந்து ஒரு மணம் வரும். அதுக்காகவே இந்த நாட்டில எத்தினை விண்டரும் கிடக்கலாம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. உடனே நிமிர்ந்துவிட்டார். "வீட்டுக்குள்ள வளந்த கண்டை நேரா வெளியில நட ஏலாது. குளிருக்குப் பழக்கவேணும். முதல்நாள் கொஞ்ச நேரம் வெளியில வைக்கிறது, அடுத்தநாள் இன்னும் கொஞ்சம் கூட. நான் என்ர தக்காளிக் கண்டுகளை அப்பிடிப் பழக்கினதில, பின்னேரமானாத் தங்கட பாட்டில வந்து பின்கதவைத் தட்டத் தொடங்கியிட்டுதுகள்."

"காலில்லாமல்?"

"வேர் என்னத்துக்கு இருக்குது? வீடு முழுக்க மண். என்ர மனுசி தவமலர் கதவடியில நிண்டு, வேரைத் துடைச்சிட்டு உள்ளுக்கு வாங்கோ எண்டு ஒவ்வொண்டாக் கத்தித்தான் விடுறவள்."

"அவிட்டு விடும், அவிட்டு விடும்," என்றார் மாஸ்டர். ஆனால் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"இதுக்கே இப்பிடி எண்டா புடலங்காய்க் கதையை எப்பிடித் தாங்கப்போறீர்? காய் வளையாம நேரா வளர நுனியில கல்லுக் கட்டுறது எல்லாருக்கும் தெரியும். நானும் கட்டினன். கல்லு கொஞ்சம் பாரம் கூடிப்போச்சு. ஜூலையில காய் நிலத்தைத் தொட்டுது. ஓகஸ்டில நிலத்துக்குள்ள இறங்கியிட்டுது. வளருறதை ஏன் தடுக்கவேணும் எண்டு நான் விட்டிட்டன். ஒருநாள் பக்கத்து வீட்டு மனுவேல், போர்த்துக்கேயன், தங்கமான மனுசன், வேலிக்கு மேலால கத்துறான், தன்ர பேஸ்மென்டில ஏதோ குழாய் வெடிச்சு வருது எண்டு. ஓடிப்போய்ப் பாத்தாக் குழாயில்லை. என்ர புடலங்காய்! சுவரைத் துளைச்சுக்கொண்டு வந்து வோஷிங் மெஷினுக்குப் பின்னால எட்டிப் பாக்குது. நுனியில கல்லும் அப்பிடியே கிடக்கு."

"கல்லோடயோ சுவரைத் துளைச்சது?"

"கல்லு இல்லாம எப்பிடிக் காணும் துளைக்கிறது? கணக்கு வாத்தி எண்டுறீர்!"

அமிர்தநாதர் சிரித்ததில் நுரை வாய்க்குள் போய்விட்டது. தேவன் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மனுவேல் எவ்வளவு வெட்டினாலும் அடுத்த கிழமை திரும்ப எட்டிப் பாக்கும். கிறிஸ்மஸ் வரைக்கும் அவன் மரக்கறி வாங்கக் கடைக்குப் போகேல்லை," என்று முடித்த பரா அண்ணை, மூச்சு வாங்காமல் அடுத்ததற்குத் தாவினார். "செப்டம்பர் கடைசியில முதல் உறைபனி விழும். எல்லாரும் பழைய சீலை, பெட்ஷீட் எல்லாம் கொண்டு ஓடுவினம், கண்டுகளை மூட. நான் என்ர மிளகாய்க் கண்டை மூடவே இல்லை. அவ்வளவு உறைப்பு. பனி வந்து இலையில இருந்துது. இருந்த உடனே துள்ளி எழும்பி, ஊ ஊ எண்டு ஊதிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடிட்டுது. அந்தக் கண்டைத்தான் நான் பிறகு சட்டியில வைச்சு வீட்டுக்குள்ள எடுத்தது. அதுதான் எங்கட தெருவையே காப்பாத்தினது."

"தெருவை?"

"அந்த வருசம் ஐஸ் மழை பெய்து, மரமெல்லாம் முறிஞ்சு, கரண்ட் போச்சு. ஹீட்டர் இல்லை. ஒவ்வொரு வீடும் ஐஸ்பெட்டி. மனுவேலும் தாயும் வந்தினம். முன்வீட்டுப் பெடியனும் பெஞ்சாதியும் பிறந்த குழந்தையோட வந்தினம். தெருவே எங்கட ஹோலுக்குள்ள. நடுவில மிளகாய்க் கண்டு. சனம் சுத்தியிருந்து கையைக் காட்டிச் சூடு பிடிக்குது. கொஞ்ச நேரத்தில வேர்க்குது எண்டு கோட்டைக் கழட்டினவை. தவமலர் கண்டுக்கு மேல கேத்திலைப் பிடிச்சுத் தேத்தண்ணி ஊத்தினவள். பின்னேரம் கரண்ட் திருத்திற ஆக்கள் வந்து பாத்திட்டு, ஒரு வயரைக் கொண்டுவந்து கண்டின்ர கிளையில கொழுவினாங்கள். தெரு முழுக்க லைட் பத்திச்சுது! என்ன, எல்லாம் பச்சையா எரிஞ்சுது."

"ஏன் பச்சை?" நான்தான் கேட்டேன்.

"மிளகாய் இன்னும் பழுக்கேல்லை, தம்பி."

சலூனே குலுங்கியது. கடாட்சம் மாஸ்டர் எழும்பி நின்றார். "நாதர், நீரே சொல்லும். இந்த மனுசனை நம்பி..."

அதற்குள் கதவு திறந்து குளிர்காற்றோடு தவமலரக்கா உள்ளே வந்தார், கையில் மரக்கறிப் பையோடு. "இஞ்சாருங்கோ, முடி வெட்ட எவ்வளவு நேரம்? தலையில இருக்கிறதே நாலு மயிர்."

"அக்கா, நல்ல நேரம் வந்தனியள்," என்று மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "ஐஸ் மழையண்டு உங்கட வீட்டு மிளகாய்க் கண்டைச் சுத்தித் தெருச்சனம் இருந்ததாம். உண்மையோ?"

"மிளகாய்க் கண்டோ? அது முதல்நாளே விறைச்சுச் செத்துப்போச்சு."

மாஸ்டர் வெற்றியோடு சுற்றிப் பார்த்தார். பரா அண்ணை தன் தொப்பியைக் கையில் எடுத்துத் தூசி தட்டினார்.

"ஆனாச் சனம் வந்தது உண்மை," தவமலரக்கா பையைக் கீழே வைத்தார். "எங்கட வீட்டிலதான் விறகு எரிக்கிற அடுப்பு சுவரோட இருந்தது. விறகுதான் இல்லை. இந்த மனுசன் பின்வளவுக்குப் போய்த் தன்ர பந்தலை முறிச்சுக் கொண்டுவந்து எரிச்சது. புடலம் பந்தல், பாவல் பந்தல், தக்காளிக்கு ஊண்டின தடியள், எல்லாம். என்னைக் கூட ஒரு தடி தொட விடாதவர். முன்வீட்டுக் குழந்தைக்குக் குளிருது எண்டு கடைசியில மண்வெட்டிப் பிடியையும் கழட்டி அடுப்புக்குள்ள வைச்சவர்."

மாஸ்டர் திரும்பிப் பரா அண்ணையைப் பார்த்தார்.

"பிடி ஏற்கெனவே வெடிச்சுப்போயிருந்தது," என்றார் பரா அண்ணை மெதுவாக. அன்றைக்கு அவர் ஒன்றைக் குறைத்துச் சொன்னது அது ஒன்றுதான்.

கடாட்சம் மாஸ்டர் உட்கார்ந்து, மடித்த பேப்பரை விரித்துத் திரும்ப மடித்தார். "நாதர், அந்தப் பாத்தியை இவருக்கே குடும்."

"என்ன காணும், நீரும் கேட்டனீரெல்லே?" பரா அண்ணைக்கு அதிர்ச்சி.

"கேட்டனான்தான். அடுத்த வருசம் பாப்பம். உமக்கு மண்ணைக் குடுத்தால்தான் வாய் ஓயும். கைக்கு வேலை இல்லாததாலதானே இப்பிடிக் கதைக்கிறீர்?"

அமிர்தநாதர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். பரா அண்ணை மாஸ்டரின் தோளைப் பிடித்தபடி நின்றார்.

தவமலரக்கா மரக்கறிப் பையைத் தூக்கினார்.

"மாஸ்டர், பாவம் நீங்கள்," என்றார். "மண்ணும் வளவுமா இருந்த காலத்தில இவர் கதைச்சதை நீங்கள் கேக்கேல்லை."