மூன்று வாட் ஆம்ப்ளிஃபயரும் ஆளுயர ஸ்பீக்கரும்

ஓய்வுபெற்ற நீதிபதி தண்டபாணி, தம் ஆளுயர ஸ்பீக்கர்களில் மூன்றே வாட் சக்தியுள்ள வால்வு ஆம்ப்ளிஃபயரை மாட்டினார். பாட்டு முனகியது. ஆம்ப்ளிஃபயரை விற்ற கடைப்பெண் பிலோமினாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இப்போ சம்பந்தி வர்றார். கூடம் நிறையக் கேக்கணும். வெளியிலிருந்து ஒண்ணும் கொண்டுவரக் கூடாது. இல்லேன்னா உன் வேலை போச்சு!"

"கேக்கும் ஐயா. பெரிய ரசிகர் மாதிரி கண்ணை மட்டும் மூடிக்குங்க."

சம்பந்தி வந்தார். நீதிபதி கண்ணை மூடினார். சற்று நேரத்தில் நாகஸ்வரம் கூடத்தை நிறைத்தது.

"பாத்தீங்களா, என் ஸ்பீக்கரை!" என்று தொடையில் தாளம் போட்டார்.

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். நீதிபதி கண்ணைத் திறந்தால், ஆம்ப்ளிஃபயரின் ஒயர் போனது மூலையில் கிடந்த அவருடைய பழைய ரேடியோகிராம் பெட்டியின் சின்ன ஸ்பீக்கருக்கு.

"கன்னுக்குட்டியைத் தேர் இழுக்க விட்டீங்க ஐயா. நான் கைவண்டியில பூட்டினேன். இந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் சக்தி போதும்."

நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பொழைச்சே போ! இந்தப் பெரிய ஸ்பீக்கருங்களை என்ன பண்றது?"

"சம்பந்திக்குச் சீரா குடுத்துடுங்க ஐயா."

சம்பந்தியின் சிரிப்பு சட்டென்று நின்றது.