வெண்டைக்காய் சொன்ன வயசு

செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், காய் பறிப்பது சுலபமான வேலை. கேட்டால் போதும், காயே சொல்லிவிடும். "என்னைத் தொடாதே, உள்ளே புழு இருக்கு" என்று கத்தரிக்காய் எச்சரிக்கும். "இன்னும் ரெண்டு நாள் பொறு" என்று அவரைக்காய் கெஞ்சும். ஒரு காய் பொய் சொல்லும் என்று அப்போது யாருக்கும் தோன்றியதே இல்லை.

முள்ளிக்குளம் என்ற கரிசல் ஊரில் கொம்பையாவுக்கும் அவர் மனைவி மாடத்திக்கும் ஒரு பருத்திக் காடு இருந்தது. காட்டோரம் முழுக்க மாடத்தி வெண்டை போட்டிருந்தாள். பருத்தியும் வெண்டையும் நெருங்கிய சொந்தம். இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வேலியோரத் துத்தி, கிணற்றடிச் செம்பருத்தி, ஓடைக்கரைப் பூவரசு எல்லாம் அதே வகையறாதான். அதனால் அந்தக் காட்டில் பகல் முழுக்கச் சொந்தக்காரர்களின் பேச்சு ஓயாது.

மாடத்தி ஒருநாள் விட்டு ஒருநாள் வெண்டைக்காய் பறிப்பாள். தவறினால் முற்றிவிடும். அந்த ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. கரிசலில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே வாங்கியது. யாரும் காட்டுப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருவதாக இருந்தது.

மாடத்தியின் மகள் சீனியம்மாளை அவர்கள் முன்பே பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை முத்திருளனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. இனி விருந்து சாப்பிட்டு, மாப்பிள்ளையின் அப்பா சன்னாசி தன் வாயால் "சம்மதம்" என்று சொல்லி வெற்றிலை மாற்றினால் கல்யாணம் உறுதி.

ஆனால் வீட்டில் ஒரு காய் இல்லை. மாடத்தி கூடையோடு காட்டுக்கு ஓடினாள்.

அங்கே ஓர் இலைக்கு அடியில் ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு வெண்டைக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. முற்றிய காய் என்றால் "என்னை விதைக்கு விட்டுடு தாயீ" என்று சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். பிறகு செடியிலேயே காய்ந்து, வெடித்து, கம்பால் அடிபட வேண்டும். தன் அண்ணன் அப்படி அடிபட்ட சத்தத்தை அது கேட்டிருந்தது. விருந்தில் புளிக்குழம்புக்குள் எண்ணெய் மினுமினுக்க மிதப்பது எவ்வளவோ மேல் என்று நினைத்தது.

"நீ பிஞ்சா, முற்றலா?" என்று மாடத்தி கேட்டாள்.

காய் குரலை மெலிதாக்கிக்கொண்டது. "பிஞ்சுதான் தாயீ. முந்தாநாள்தான் பூ உதிர்ந்துச்சு."

"இம்புட்டு நீளமா இருக்கியே?"

"மழைத்தண்ணி தாயீ. ஊதிட்டேன்."

அவசரத்தில் மாடத்தி நம்பிவிட்டாள். அதைப் பார்த்த மற்ற முற்றல்களும் "நானும் பிஞ்சு, நானும் பிஞ்சு" என்று கொஞ்சிக்கொண்டே கூடைக்குள் ஏறின. பக்கத்துப் பருத்திச் செடி மட்டும் "அடிப்பாவிகளா!" என்று முணுமுணுத்தது.

பகலில் விருந்து நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா சன்னாசிக்கு இருந்தவை மொத்தம் இரண்டு பல். மேலே ஒன்று, கீழே ஒன்று, நேருக்கு நேர். அந்த இரண்டை வைத்துக்கொண்டு முறுக்கு கடிப்பேன் என்று ஊரெல்லாம் பெருமையடிப்பார். அவர் ஒரு வெண்டைக்காய்த் துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நார் இரண்டு பல்லையும் சுற்றி இறுகிக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "மச்சான், சம்மதந்தானே?"

சன்னாசி தலையை வேகமாக ஆட்டி, "ம்ஹூம்! ம்ஹூம்!" என்றார்.

அடுக்களைக் கதவோரம் நின்ற சீனியம்மாளுக்குக் கண் கலங்கியது. முத்திருளன் பதறி எழுந்து, "என்னப்பா ஆச்சு?" என்று அவர் வாயில் துருத்திய நாரைப் பிடித்து இழுத்தான். நார் வந்தது. நாரோடு மேல் பல்லும் வந்தது.

"தாம்புக் கயித்தக் குழம்பு வச்சுப் போட்டிருக்கீங்க!" என்று சன்னாசி கத்தினார். "கிழவன்னு கேலியா? எந்திரிடா, போவோம்!"

"சாமி சத்தியமா, காயைக் கேட்டுத்தான் பறிச்சேன் அண்ணாச்சி" என்று மாடத்தி அழுதாள்.

"காய் பொய் சொல்லுமா? நீதான் சொல்றே. வா, அதையே கேப்போம்!"

எல்லோரும் காட்டுக்குப் போனார்கள். பறிக்காமல் விட்டிருந்த ஒரு நீளக் காயின் முன் சன்னாசி நின்றார். "நீ பிஞ்சா, முற்றலா? ஒரே சொல்லில் சொல்லு!"

காய்க்குப் பயம் வந்துவிட்டது. "பிஞ்சுன்னு பார்த்தா பிஞ்சுதான். அதுக்காக முற்றல்னு சொல்றவங்களத் தப்புன்னு சொல்லிட முடியாது. ஒரு வகையில பார்த்தா…" என்று வழவழா கொழகொழாவென்று இழுத்தது. பேசப் பேச அதன் உள்ளெல்லாம் கொழகொழத்துப்போனது.

சன்னாசி பருத்தியிடம் திரும்பினார். "நீ பார்த்தேல்ல, சொல்லு."

"சொந்தக்காரங்க விவகாரம், என்னை இழுக்காதீங்க" என்றது பருத்தி. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு காயும் வெடித்து வெள்ளை வெளேரென்று சிரித்தது.

சீனியம்மாளுக்குப் பொறுமை போயிற்று. தன் கல்யாணம் ஒரு காயின் வாயில் மாட்டிக்கொண்டு நிற்கிறதே! "உன்னைக் கேட்டாத்தானே இழுப்பே?" என்று அந்தக் காயின் வாலைப் பிடித்து ஒடித்தாள். ஒடியவில்லை. வளைந்து அவள் விரலைச் சுற்றிக்கொண்டது. உச்சியில் இருந்த சின்னக் காயின் வாலை ஒடித்தாள். 'படக்' என்றது. அடுத்த நீளக் காய் வளைந்தது. அடுத்த பிஞ்சு, 'படக்'.

"பாருங்க மாமா, பிஞ்சுன்னா ஒடியும், முற்றல்னா வளையும். பொய் சொன்னது காய்தான், எங்கம்மா இல்ல" என்றாள்.

சன்னாசி தானும் ஒன்றை ஒடித்துப் பார்த்தார். 'படக்' என்ற சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது. இன்னொன்றை ஒடித்தார். கோபம் மறந்து, செடி செடியாக ஒடித்துக்கொண்டே போனார். கொம்பையாதான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"வாய்ப்பேச்சை நம்பாத பொண்ணு. என் வீட்டுக்கு இவதான் வேணும்" என்று சிரித்தார் சன்னாசி. "சம்மபம்!"

"என்ன சொன்னீங்க மச்சான்?"

"சம்மபம்யா, சம்மபம்! பல்லு போனா எப்படிச் சொல்றது?"

வெற்றிலை மாறியது. அவர் பங்கு வெற்றிலையை மட்டும் உரலில் இடித்துக் கொடுத்தார்கள்.

அவமானத்தில் வெண்டை வாயை மூடியது. நம்மையும் இனி யார் நம்புவார்கள் என்று மற்றச் செடிகளும் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்திக்கொண்டன. வெண்டையின் உள்ளே ஊறிய கொழகொழப்பு மட்டும் இன்றுவரை போகவில்லை. அன்று தொட்டுத்தான், கடைக்காரர் "ஒடிக்காதீங்கம்மா!" என்று எவ்வளவு கத்தினாலும், வால் நுனியை ஒடித்துப் பார்க்காமல் நம் ஊரில் ஒருவரும் வெண்டைக்காய் வாங்குவதில்லை.