அழிக்க வந்த நம்பர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில் அமலி என்றொருத்தி செல்போன் கடை வைத்திருந்தாள். முப்பது வயசு. அவளிடம் போன் பழகியவர் ரெமிஜியுஸ், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் சமையல்காரர். ஐம்பத்திரண்டு வயசு. சீடருக்குத்தான் நரை. அவளை "டீச்சர்" என்றே கூப்பிடுவார்.

போன பயணத்தில் மாலத்தீவில் இறங்கி, அந்த ஊர் சிம்மைப் போட்டு, மனைவி லூர்தம்மாவைக் கூப்பிட்டார். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது ஒரு குரல். கிளம்பிய அன்றைக்குச் சின்னதாய் ஒரு சண்டை வேறு. நம்பரை மாற்றிவிட்டாள் என்று முடிவுகட்டினார். கரைக்கு வந்தும் வீட்டுப் பக்கம் போகவில்லை. நாற்பது நாளாய்த் தோணியிலேயே படுக்கை. அந்தம்மாவும் வீம்பு, கூப்பிடவில்லை.

மறுபடி பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள். விடிகிற நேரம், மூடுபனி. ரெமிஜியுஸ் கடைக்கு வந்து போனை நீட்டினார்.

"டீச்சர், இந்தப் பேரை எப்படி அழிக்கிறது? மாலத்தீவுல இருந்து கூப்பிட்டேன், நம்பரையே மாத்திட்டா."

அமலி பார்த்தாள். லூர்து. வெறும் பத்து எண்.

"அழிக்கலாம். உங்க வீடு எங்க இருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கீங்க. வாசல்ல இறங்கி இடது கைப்பக்கம் மூணாவது சந்து."

"வாங்க," என்று அப்பாவின் வள்ளத்தில் ஏற்றினாள். கடலும் வானமும் ஒரே பாலாய்க் கிடந்தன. துடுப்புச் சத்தம்கூடத் தூக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது. வள்ளம் ரெண்டு சுற்றுச் சுற்றியது.

"இப்ப வீடு எங்க?"

"இடது கைப்..." தூக்கிய கை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் முழுக்கக் கடல்.

"வீடு நகந்துட்டுதோ?"

"விளையாடாதீங்க டீச்சர்."

பனி கொஞ்சம் விலகியது. தூரத்தில் மாதா கோயில் கோபுரம்.

"அந்தக் கோபுரத்துக்குத் தெற்கே மூணாவது சந்து," என்றார்.

"இது எங்க நின்னு சொன்னாலும் சரியா வருமா?"

"வரும்."

அமலி போனை வாங்கினாள். பத்து எண்ணுக்கு முன்னால் ஒரு பிளஸ் குறி, அதை ஒட்டி நம் நாட்டு எண் தொண்ணூற்றொன்று. போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது என்னது?"

"கோபுரம். இது இல்லாம நீங்க மாலத்தீவுல நின்னுக்கிட்டு இடது கைப்பக்கம் தேடியிருக்கீங்க."

அவர் அந்தப் பிளஸ் குறியை விரலால் தொட்டார்.

"அப்ப அவ மாத்தலியா?"

"அவங்க இருந்த இடத்துலதான் இருந்தாங்க."

"நாற்பது நாளு, டீச்சர். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

அமலி துடுப்பு வலித்து, வள்ளத்தைக் கோபுரத்துக்குத் தெற்கே திருப்பினாள்.