ஓட்டைக்கு ஓர் அணிந்துரை

ஒரு காட்டு ஏரியில் செம்மூக்கி என்ற நீர்க்கோழி வாழ்ந்துவந்தாள். கரையோரக் கோரைக்குள் அவள் கூடு. கூட்டில் முட்டைகள். அவள் இரை தேடப் போனால் அவள் புருஷன் அடைகாப்பான்.

ஒரு நாள் ஒற்றைப் பனைமரத்தடியில் ஏரிக்கரை கசிவதை அவள் பார்த்துவிட்டாள். நண்டு தோண்டிய வளை அது. அவள் கால்விரல் நுழையும் அளவுதான். ஆனால் அடைமழை பிடித்துக்கொண்டால் அது போதும், கரை உடைந்துவிடும். தண்ணீரோடு கூடும் போய்விடும். நீர்க்கோழி தனியாக எவ்வளவு மண்தான் சுமப்பாள்? அதற்குப் பன்றிகளும் எருமைகளும் வர வேண்டும்.

ஆள் கூப்பிடப் போனாள். யாரும் காது கொடுக்கவில்லை. ஏனென்றால் அந்தக் காட்டில் அப்போது எல்லாருமே கவிஞர்கள். பூவரச இலையில் எழுதி, தூக்கணாங்குருவியிடம் கொடுத்துத் தைத்து வாங்கினால் புத்தகம். எருமைகூட ஒன்று போட்டிருந்தது. யாருக்கு விருது, யாருக்கு யாரோடு சண்டை, எந்தக் கூட்டத்தில் யார் பாதியில் எழுந்து போனார் என்று கிளை கிளையாகச் சேதி சொல்வது கிளிக்கு வேலை.

அந்தக் கிளிதான் யோசனை சொன்னது. "அக்கா, கரை, ஓட்டைன்னு புலம்பினா இங்க எவன் நிப்பான்? அதையே கவிதையா எழுதுங்க. ஒரு வெளியீட்டு விழா வைப்போம். மொத்தக் காடும் வந்து உக்காரும்."

செம்மூக்கிக்கு அது சரியென்று பட்டது. உட்கார்ந்து எழுதினாள். முதல் கவிதையே இதுதான்:

ஒற்றைப் பனையடியில் ஏரி கசிகிறது.
என் கால்விரல் அளவு ஓட்டை.
மழைக்கு முன்னே மண் கொண்டு வாருங்கள்.

அணிந்துரைக்கு மயிலாரிடம் போனாள். காட்டில் எந்தப் புத்தகம் வந்தாலும் அவர் அணிந்துரை இல்லாமல் வராது.

"முதல் கவிதையையாவது படிச்சிடுங்க ஐயா. அவசரம்" என்றாள்.

"படிக்காம எழுதுவேனா தங்கச்சி? வெச்சிட்டுப் போ."

மறுநாளே அணிந்துரை வந்துவிட்டது. 'இக்கவிதைகளில் ஏரியின் ஈரம் இருக்கிறது' என்று ஆரம்பித்தது. பாறையிலேயே பிறந்து வளர்ந்த உடும்பின் புத்தகத்திலும் ஏரியின் ஈரம் இருப்பதாகத்தான் அவர் எழுதியிருந்தார். யாரும் அதைக் கேட்டதில்லை.

விழா அமர்க்களமாக நடந்தது. செம்மூக்கிக்குத் தாமரை இலையைப் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். மயிலார் தன் முதல் புத்தகம் வந்த கதையை விரிவாகச் சொன்னார். கொக்கு, தனக்கு விருது கிடைக்காமல் போன கதையைச் சொன்னது. புத்தகத்தை மட்டும் யாரும் திறக்கவில்லை. கடைசியில் ஏற்புரைக்கு அவளைக் கூப்பிட்டபோது பாதிக் கூட்டம் கலைந்திருந்தது.

"நேரமாயிடுச்சு அக்கா. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லி முடிச்சிடுங்க" என்றது கிளி.

"நன்றி இருக்கட்டும். கரையிலே ஒரு ஓட்டை..." என்று அவள் தொடங்கினாள். கைதட்டிவிட்டு எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

அன்றைக்குச் செம்மூக்கி கூட்டுக்குத் திரும்பி, முட்டைகளைப் பார்த்து அழுதாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் காட்டில் ஆந்தை ஒன்று இருந்தது. யாரும் அதை விழாவுக்குக் கூப்பிட மாட்டார்கள். வந்தால் திட்டும். புத்தகத்தை வரி வரியாகப் பிடித்துக்கொண்டு திட்டும். கொக்கின் புத்தக விழாவுக்கு எல்லாரும் கூடியிருந்த ஒரு சாயங்காலம், கூப்பிடாமலே வந்து கிளையில் உட்கார்ந்தது.

"இந்த நீர்க்கோழி புத்தகத்தை எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொன்னீங்களாம். நானும் படிச்சேன். மட்டமான கவிதை. ஓசை இல்லை, அழகு இல்லை. அது போகட்டும், முதல் கவிதையிலேயே பொய்."

செம்மூக்கிக்கு மூக்கின் சிவப்பு முகமெல்லாம் பரவியது. "என்ன பொய்?" என்றாள்.

"கால்விரல் அளவு ஓட்டைன்னு எழுதியிருக்கே. நான் நேரே பனையடிக்குப் போய்ப் பார்த்தேன். என் தலையே உள்ள போகுது. எழுதுறவங்களுக்கு அளவு தெரிய வேண்டாமா?"

செம்மூக்கி சிறகடித்துக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, அவ்வளவு பெரிசாயிடுச்சா!"

கூட்டம் ஒன்றும் புரியாமல் விழித்தது. "எந்த ஓட்டை?" என்று கேட்டார் மயிலார்.

"நீங்க அணிந்துரை எழுதின ஓட்டைதான்" என்றது ஆந்தை.

எல்லாரும் கறுத்துக்கிடந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பன்றிகள் முதலில் பனையடிக்கு ஓடின. எருமைகள் பின்னால் ஓடின. களிமண்ணைக் கிளறித் தள்ளி, மிதித்து மிதித்துக் கரையை இறுக்கின. கொக்கு சுள்ளி கொண்டுவந்து கொடுத்தது. மயிலாரும் தோகையைச் சேற்றில் இழுத்துக்கொண்டு மண் தள்ளினார். வேலை முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. கரை அசையவில்லை. கூடும் அசையவில்லை.

மழை விட்டதும் குஞ்சுகள் பொரிந்தன. செம்மூக்கி அவற்றைக் கூட்டிக்கொண்டு ஆந்தையைப் பார்க்கப் போனாள்.

"உங்களாலதான் இதுங்க உசிரோட இருக்கு" என்றாள்.

"அதுக்காகக் கவிதை நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன்" என்றது ஆந்தை.

"சொல்ல வேண்டாம். அடுத்ததையும் நீங்களே படிங்க."

இன்னும் தைக்காத பூவரச இலைகளை அதன் காலடியில் வைத்தாள். ஆந்தை முதல் இலையை எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தது.

படிக்காமல் போர்த்தும் பொன்னாடையைவிட, படித்துவிட்டுச் சொல்லும் குறையே எழுதியவருக்குச் செய்யும் மரியாதை.