தங்கப்பாறைக் கோவில் பல்லி

அந்தக் காலத்தில் பல்லிக்கும் வாய் நிறையப் பேச்சு இருந்தது. அதிலும் தங்கப்பாறை சந்தியாகப்பர் கோவில் பல்லி இருக்கிறதே, பூசை நேரத்தில்கூட வாயை மூடாது. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் சொல்லும். பாதி புளுகு. "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி" என்று ஊரே அதைக் கேலி செய்யும்.

அந்த ஊருக்குச் சோறு போட்டது தங்கச் சுரங்கம். ஒருநாள் காலை உள்ளே பாறை சரிந்தது. சிக்கிய ஆட்களில் சலேத்தம்மாளின் புருஷன் சவரிமுத்துவும் ஒருவன். வாசலில் தோண்டத் தோண்ட மண் சரிந்துகொண்டே இருந்தது. கடைசியில், "இனி ஆண்டவர் விட்ட வழி" என்று மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு எல்லாரும் கோவிலுக்கு வந்து முழந்தாளிட்டார்கள்.

பீடத்தடியிலிருந்து பல்லி சொன்னது: "சலேத்து, ஒன் புருசன் உசுரோட இருக்கான். இந்தக் கல்லுக்குக் கீழதான் தட்டுறான்."

"வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாத. வாயப் பொத்து" என்றாள் சலேத்தம்மாள். நம்ப அவளுக்குக் கொள்ளை ஆசைதான். ஆனால் போன வாரந்தான் அது, சவரிமுத்து எவளுக்கோ வளையல் வாங்கினான் என்று புளுகி அவளை அழவிட்டிருந்தது.

பல்லிக்கு வெட்கமாகப் போயிற்று. நம்ப ஆளில்லாத பேச்சு இருந்தென்ன, போயென்ன?

"சந்தியாகப்பரே, எம் பேச்ச எடுத்துக்கிரும். கீழ கேக்குற சத்தத்த மட்டும் எவ் வாயில வையும்" என்றது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

ட்ச், ட்ச், ட்ச்.

சலேத்தம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று தட்டு என்றால் சுரங்கத்தில் 'ஆள் இருக்கு, மேலே தூக்கு' என்று அர்த்தம். கேட்டவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். அவள் விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்தாள். கீழிருந்து பதில் வந்தது.

"சாமி, பீடத்த ஒடைக்கணும்."

"மந்திரிச்ச கல்லும்மா அது" என்று சாமியார் ஒரு கணம் தயங்கினார். பிறகு அங்கியை வரிந்து கட்டினார். "கல்லத் திரும்ப மந்திரிச்சுக்கலாம். கடப்பாறையக் கொண்டாங்கடா."

கோவிலுக்கு அடியில் ஓடிய பழைய சுரங்கப்பாதை திறந்தது. ஒவ்வொருவராகப் பீடத்தின் வழியே ஏறி வந்தார்கள். சவரிமுத்து வந்ததும் தண்ணீர் கேட்டான். சலேத்தம்மாள் கொடுத்துவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

தங்கம் தீர்ந்து சுரங்கத்தை மூடியாயிற்று. கோவில் நிற்கிறது. அன்று முதல்தான் பல்லிக்கு அந்தச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. அது சொன்னால் பொய்யில்லை என்று நாமும் தரையைத் தட்டுகிறோம். தங்கப்பாறையிலோ, பிரசங்கத்தின் நடுவே பல்லி சொன்னால் சாமியாரே பேச்சை நிறுத்திப் பீடத்தைத் தட்டுவார். கீழே யாராவது இருந்தால், நமக்குக் கேட்டுவிட்டது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா?