இருக்கிற அளவில் ஒரு படம்

முன்னொரு காலத்தில் என்று இழுக்க வேண்டாம். போன ஆடி மாதம்தான் நடந்தது. மதுரையில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. அதன் பின்னறையில் கட்டில் அளவுக்கு ஒரு அச்சு இயந்திரம் குடியிருந்தது. கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்தப் படங்களெல்லாம் அதன் வயிற்றிலிருந்து வந்தவைதான்.

இயந்திரத்துக்குள் ஒரு குடும்பமே இருந்தது. தாளின் மேல் இங்கும் அங்கும் ஓடி மை தெளிப்பவள் மைத்தலை. அவள் ஒரு ஓட்டம் முடித்ததும் தாளை ஒரு இழை முன்னே தள்ளிவிடுபவன் உருளை. அவன் சரியாகத் தள்ளுகிறானா என்று கீழிருந்து கவனிக்க வேண்டியது கண். இந்த மூவருக்கும் மேலாக, கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து நாட்டாமை செய்பவன் நிரப்பி. எந்தப் படம் வந்தாலும் தாளின் இரண்டு ஓரத்தையும் தொடும்வரை அதை இழுத்துப் பெரிதாக்குவதுதான் அவன் வேலை.

"தாளில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தாலும் நம் மானம் போய்விடும்" என்பான் நிரப்பி.

மற்றவர்களுக்கும் அதில் பெருமைதான். மூக்குத்தியைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அச்சிட்ட நாளைப் பற்றி மைத்தலை வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தாள். ரொம்பத்தான் அலட்டல்.

ஒரு நாள் மதியம் சங்கிலி என்ற இளைஞன் ஸ்டூடியோவுக்கு வந்தான். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். ஸ்டூடியோவை நடத்தும் மெஹருன்னிசாவிடம் போனை நீட்டினான். படத்தில் மூக்கில் குழாய் செருகிய ஒரு பச்சைக் குழந்தை கால் நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு அளவு டேப்.

"இதப் பெரிய பேப்பர்ல போட்டுத் தரணும்க்கா. சின்ன மிஷின் வச்சிருக்கிற கடையில காலு பேப்பருக்கு வெளிய போயிருதுங்கிறாங்க."

"பொறந்து எத்தன நாளாச்சு தம்பி?"

"ஒரு வாரம் ஆச்சு. அவசரப்பட்டு முன்னாடியே வந்துட்டான். இங்க ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கான். அவுக அம்மா அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில. ஆபரேசன் தையல் சீப்புடிச்சிருச்சு, அசையக்கூடாதுன்னுட்டாங்க. இன்னும் புள்ளையவே பாக்கல."

"மனசத் தேத்திக்கங்க. மூணடிக்குப் போட்டுருவமா? நல்லாத் தெரியும்."

சங்கிலி அவசரமாகத் தலையை ஆட்டினான். "பெருசாவே வேணாங்க்கா. அவன் என்ன அளவு இருக்கானோ அந்த அளவுதான் வேணும். நர்சக்கா அளந்தாங்க. முப்பத்தாறு சென்டிமீட்டர்."

மெஹருன்னிசாவுக்குப் புரியவில்லை. பெரிதாகக் கேட்டு வருகிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும்.

"போன்ல படத்த அவகிட்ட காட்டினேங்க்கா. ஸ்க்ரீன் பூரா மொகம். 'இம்புட்டுப் பெரிய புள்ளையா'ன்னா. அவளுக்குப் பாலே ஊற மாட்டேங்குது. பீச்சி எடுத்தா ஒரு ஸ்பூன் வரும், நான் பஸ்ல கொண்டாந்து குடுப்பேன். 'இது எம்புள்ளைக்கு நாக்கு நனையக்கூடப் பத்தாது'ன்னு அழுது, நேத்தோட எடுக்கிறதையே நிப்பாட்டிட்டா. இப்பிடியே விட்டா சுத்தமா வத்திரும்ங்கிறாங்க. இங்க டாக்டரம்மா தாய்ப்பால்தான் அவனுக்கு மருந்துங்கிறாங்க. சின்னப் புள்ளைதான், அது போதும்னு சொல்லிப் பாத்துட்டேன். ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்கிறா. கண்ணால பாத்தாத்தான் நம்புவா."

மெஹருன்னிசா போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். படத்தில் தெரிந்த டேப்பை வைத்து அளவைக் கணக்குப் போட்டு, அச்சுக்கு அனுப்பினாள்.

போகிற வழியில் நிரப்பி மறித்தான். "என்ன இது, இத்தனை அகலத் தாளில் இத்தனூண்டு படமா?" என்று இரு பக்கமும் பிடித்து இழுத்தான். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற உயரத்துக்கு வெளியே வந்தான்.

சங்கிலி வந்த கவலையையும் மறந்து சிரித்துவிட்டான். "இவன் நடந்தே அருப்புக்கோட்டைக்குப் போயிருவான் போலக்கா."

"ஐயோ, தாள நிரப்புற டிக்க எடுக்க மறந்துட்டேன் தம்பி" என்று மெஹருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு சொடுக்கில் நிரப்பி அடைபட்டான். உள்ளிருந்து அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டாவது படம் வந்தது. சுற்றிலும் வெள்ளை, நடுவில் பிள்ளை. சங்கிலி இரும்பு ஸ்கேலை வாங்கித் தலையிலிருந்து குதிகால்வரை வைத்துப் பார்த்தான். ஒரு விரற்கடை குறைந்தது. படத்திலிருந்த டேப்பும் கூடவே சுருங்கியிருந்தது.

"ஒரு விரக்கடதானே தம்பி. அவுங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரியாதுதான்க்கா." சங்கிலி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா அந்த ஒரு விரக்கட வளர்றதுக்கு இவன் என்ன பாடு பட்டிருப்பான்."

இயந்திரத்துக்குள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு விரற்கடையைப் பற்றி இப்படி ஒருவர் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

"நீ வழுக்கினாயா?" என்று கேட்டாள் மைத்தலை.

"எப்போதும்தான் வழுக்குகிறேன்" என்றான் உருளை. "என் மேலெல்லாம் தாள்தூசி. ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு மயிரிழை குறைகிறது. ஆறடி மாப்பிள்ளையில் அது போனால் பெண் வீட்டார்கூடக் கண்டுபிடிப்பதில்லை. கண் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? என்னையும் தூசி மூடிவிட்டது. ஏதோ வெள்ளையாக ஓடுகிறது, எல்லாம் நலம் என்று இருந்துவிட்டேன்."

அடைபட்ட இடத்திலிருந்து நிரப்பி சொன்னான்: "இதற்குத்தான் என்னை வெளியே விடுங்கள் என்கிறேன். பெரிதாக்கிவிட்டால் குறை தெரியாது."

இத்தனை வருஷம் தாங்கள் எதற்காக அவனை அண்டியிருந்தோம் என்று அப்போதுதான் மற்ற மூவருக்கும் உறைத்தது.

மெஹருன்னிசா மூடியைத் திறந்தாள். ஈரத்துணியால் உருளையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். ரப்பர் பல்பை அழுத்திக் கண்ணின் மேல் காற்று அடித்தாள். தாளைக் கழற்றி, கோணாமல் மறுபடி மாட்டினாள். வெறும் கோடுகளை மட்டும் அடிக்கவிட்டு ஸ்கேலால் அளந்தாள். கோடுகள் சரியாக இருந்தன.

"இப்ப பாருங்க தம்பி" என்று மூன்றாவது முறை பொத்தானை அழுத்தினாள்.

மைத்தலை ஓடத் தொடங்கினாள். ஒரு கன்னத்தை முடிக்க அரை மணி ஓடிப் பழகியவள் அவள். இங்கே நாலு ஓட்டத்தில் ஒரு காது முடிந்துவிட்டது.

"மெதுவாக" என்றாள். "உருளை, கொஞ்சம் மெதுவாகத் தள்ளு. கையை நெருங்கிவிட்டேன்."

"என்ன தெரிகிறது?" என்று கேட்டது கண்.

"விரல்கள். ஐந்தும் இருக்கின்றன. ஐந்திலும் நகம் இருக்கிறது." அவள் இன்னொரு ஓட்டம் ஓடினாள். "ஒரு நகம் முழுசும் என்னுடைய ஒரே ஓட்டத்தில் முடிகிறது. அதற்குள் ஒரு பிறைகூட இருக்கிறது!"

"பிறையா? அவ்வளவு சின்ன இடத்திலா?"

"எல்லாமே இருக்கிறது. உள்ளங்காலில் ரேகை ஓடுகிறது. கண்ணிமையில் மயிர் முளைத்திருக்கிறது. இதில் ஒன்றைக்கூட விட்டுவிடாமல் செய்தது யார்?"

உருளை ஒரு இழைகூட வழுக்காமல் தள்ளினான். தூசி போன கண் ஒவ்வொரு தள்ளையும் பார்த்து "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தது. பெரியதைப் பார்த்து வாய்பிளப்பது அவர்களுக்குப் பழக்கம். சிறியது ஒன்றின் முன்னால் மூச்சடங்கி நின்றது அன்றைக்குத்தான்.

"எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றான் நிரப்பி.

தாள் வெளியே வந்தது. சங்கிலி ஸ்கேலை வைத்தான். முப்பத்தாறு. மை காய்வதற்காக மெஹருன்னிசா அதை மேசையில் விரித்தாள். தொட்டுப் பார்க்கக் கை நீண்டது, ஆனால் தொடவில்லை.

"மாஷா அல்லா" என்றாள். "நல்லபடியா வீட்டுக்கு வருவான் தம்பி. போங்க, சீக்கிரம் கொண்டுபோய்க் காட்டுங்க."

சாயங்காலம் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில், மனைவி பேச்சியின் கட்டிலில் சங்கிலி தாளை விரித்தான். சுருளிலேயே பிறந்து வளர்ந்த தாளுக்குச் சுருண்டுகொள்ளத்தான் வரும். ஆனாலும் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு மட்டமாகக் கிடந்தது.

பேச்சி தலையணையில் சாய்ந்தபடி வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள் அவள். முழங்கையைப் பிள்ளையின் தலைக்கு நேராக ஊன்றி, பூ அளக்கிற மாதிரியே கையைத் தாளின் மேல் நீட்டினாள்.

"மொழத்துக்கு நாலு வெரக்கட கம்மி" என்றாள். "நெசமாவே இம்புட்டுத்தானா இவன்?"

"இம்புட்டேதான். ஸ்கேல் வச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்தாந்தேன்" என்றான் சங்கிலி.

அவள் ஒரு விரலை எடுத்துப் பிள்ளையின் வயிற்றில் வைத்தாள். விரல் வைத்ததும் வயிறு பாதி மறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நர்சை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வயித்துல எம்புட்டுப் பால் புடிக்கும் சிஸ்டர்?"

"ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூனே அதிகம்மா."

பேச்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கிண்ணத்தக் குடுங்க" என்றாள். "அம்புட்டு எங்கிட்ட இருக்கு."