வறட்சி தாங்கும் செடி

வள்ளியூருக்குக் கிழக்கே, காற்றாலைகள் சுழலும் செம்மண் பொட்டலில் உலகம்மையின் மடம் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, ஒரு கிணறு. உலகம்மைக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது. அவரிடம் சீடராக வந்து தங்கிய பூவலிங்கம் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் எல்லோரையும் போல அம்மா என்றே கூப்பிட்டார்.

மடத்து வாசலில் வைத்த செம்பருத்தியெல்லாம் கோடைக்குக் கோடை கருகிப்போகும். பூவலிங்கம் நாகர்கோவில் நர்சரிக்குப் போய் மூன்று பாட்டில் பிரஷ் கன்றுகள் வாங்கிவந்தார். குப்பி கழுவும் பிரஷ் போலச் சிவப்பாகப் பூக்கும் ஆஸ்திரேலியச் செடி. வறட்சியைத் தாங்கும் என்று நர்சரிக்காரர் சொன்னது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஐப்பசி மழையில் நட்டார். நன்றாகத் துளிர்த்தன. தை பிறந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

பங்குனியில் ஒருநாள் காலைத் தியானம் முடிந்ததும் உலகம்மையிடம் வந்தார்.

“அம்மா, இப்பல்லாம் உட்கார்ந்தா வீட்டு நினைப்பே வர்றதில்ல. பற்று விட்டுப்போச்சுன்னு வச்சுக்கலாமா?”

“வீட்டுல யாரு இருக்கா?”

“எங்க அம்மா. படுத்த படுக்கை. என் சம்சாரம் கோமதி பாத்துக்கிடுதா.”

“தனியாவா?”

“அவ எதையும் தாங்குவாம்மா. இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல.”

உலகம்மை எழுந்தார். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பூவலிங்கம் பின்னால் போனார்.

இரண்டு கன்றுகள் தொட்டதும் ஒடிந்தன. மூன்றாவதன் பட்டையை உலகம்மை நகத்தால் கீறினார். உள்ளே கொஞ்சம் பச்சை இருந்தது.

“தண்ணி ஊத்தலியா?”

“வறட்சியத் தாங்கும்னு சொன்னாங்க.”

“தாங்கும்னு சொன்னாங்க. வேண்டாம்னு சொன்னாங்களா?”

பூவலிங்கம் யோசித்தார். முதல் கோடை முழுக்க ஊற்றுங்கள், வேர் கீழே இறங்கின பிறகுதான் தாங்கும் என்றும் நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். கன்றுகளை ஆட்டோவில் ஏற்றும் அவசரத்தில் இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“வாடியிருந்தா ஊத்தியிருப்பேன்மா. இலை கடைசி வரைக்கும் விறைப்பாத்தான் இருந்துச்சு.”

“இந்த இலை அப்படித்தான். வாடிக் காட்டாது.”

உலகம்மை வாளியைச் சாய்த்தார். தண்ணீர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. பூவலிங்கம் அது இறங்கி முடிகிறவரை நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பாளையங்கோட்டை வீட்டில் கோமதி இடது கையால் கதவைத் திறந்தாள். வலது தோளில் கட்டு.

“என்னாச்சு?”

“அத்தையத் தூக்கும்போது பெசகிட்டு. சாப்டீங்களா?”

“போன்ல சொல்லக்கூடாதா?”

“நீங்க தியானத்துல இருப்பீங்களேன்னுதான்.”

அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அம்மா படுத்திருந்த அறைக்குள் போனார்.

மறுவருடம் கார்த்திகையில்தான் மடத்துப் பக்கம் வர முடிந்தது. பிழைத்த கன்று இடுப்பளவு வளர்ந்து பூத்திருந்தது. உலகம்மை அதன் காய்ந்த கொப்புகளை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“வீட்டுல எப்படி?”

“கோமதி அவ தங்கச்சி வீட்டுக்குத் தென்காசி போயிட்டு நேத்துதான் வந்தா. கல்யாணமானதுக்கு அப்புறம் இப்பத்தான் ஒரு வாரம் சேர்ந்தாப்ல இருந்திருக்கா. அம்மாவ நான்தான் பாத்துக்கிட்டேன்.”

“சரி.”

பூவலிங்கம் தயங்கினார். “தியானம்தான் அடியோட விட்டுப்போச்சு. மாசத்துல நாலு நாளாவது இங்க வந்து உட்கார எனக்கு ஒரு இடம் வேணும்மா.”

“அம்மாவுக்குப் படுக்கைப் புண் இருக்கா?”

“இருக்கு. தினம் புரட்டிப் படுக்கவச்சு மருந்து போடுதேன்.”

“போடும்போது மனசுல என்ன ஓடும்?”

“என்ன ஓடும்? புண்ணு ஆறிட்டு வருதான்னு பாப்பேன். வேற ஒண்ணும் ஓடாது.”

உலகம்மை அடுத்த கொப்பை நறுக்கினார்.

“அப்புறம் எதுக்கு இங்க வந்து இடத்தை அடைக்கீங்க?”